நகராமல் மாறச் சொன்னார்கள்

நவீனப் புனைவு வாரியத்தின் கூட்ட அறையில் ஒருநாள் ஏசி நின்றுபோனது. அதுவரை யாருக்கும் எந்தக் கெடுதலும் நேராமல்தான் வாரியம் நடந்துகொண்டிருந்தது. வேர்வையோடு வேர்வையாக நாலு தீர்மானம் நிறைவேற்றிப் பார்த்தார்கள். முடியாமல்போய், ஐந்தாவதாக மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்று தீர்மானித்தார்கள்.

வந்தவரைத் தெருவில் எல்லோரும் ‘கூலிங்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜ், ஏசி, கடை வாசலில் நிற்கும் ஐஸ்கிரீம் பெட்டி, எதுவானாலும் அவர் கை வைத்தால் குளிரும். ஐம்பதைத் தாண்டிய தனியாள். கீழே பட்டறை, மேலே ஓர் அறை, அதில் ஒரு கட்டில். அன்று பாதி வேலையில் பசியெடுக்க, வாரியத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தன் பாட்டுக்கு ரொட்டி தின்றவரை விட்டிருக்கலாம். அந்த வழியாகச் செயலாளர் வந்து சேர்ந்தார்.

“ஏன் தனியா உக்காந்து சாப்பிடுறீங்க?”

“கூட ஆள் வரல சார்.”

செயலாளர் ஒரு படி இறங்கி வந்தார். “வீட்டுல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல சார்.”

“உள்ளுக்குள்ள என்ன நடக்குது?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் செயலாளர்.

ஏசியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தார் கூலிங். “உள்ள ஃபேன் சுத்துது சார். ஆனா குளிர்ச்சி இல்ல. எங்கயோ கசிஞ்சு போயிருக்கு. எங்கன்னுதான் பிடிபடல.”

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டையில் மான் கிடைத்தவர்போல ஓடிப்போய்த் தலைவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்நியமாதலைப் பற்றி வாரியம் இதுவரை வெளியிட்ட நாவல்களை அடுக்கினால் ஒரு வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டலாம். ஆனால் அந்நியமான ஒருவரை வாரியத்தில் யாரும் நேரில் பார்த்ததில்லை. தலைவருக்கு அவர் மகள் அரைமணிக்கு ஒருதரம் போன் போட்டு மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள். செயலாளர் வீட்டில் அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள் என்று குளியலறைக்கே வரிசை நிற்கும். வாரியத்தின் முதன்மை நாவலாசிரியருக்கு மனைவி கையால் காப்பி வராவிட்டால் ஒரு வாக்கியம் நகராது. மாலை ஐந்தடித்தால் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் குடும்பத்தைப் பார்க்க ஓடுவார்கள். மறுநாள் வந்து, உலகம் மனிதனைக் கைவிட்டுவிட்டது என்று எழுதுவார்கள். எழுதி, ஒருவருக்கொருவர் பரிசும் கொடுத்துக்கொள்வார்கள். பரிசு வாங்க மொத்தக் குடும்பமும் வரும்.

அப்படிப்பட்ட இடத்தில் கூலிங் கிடைத்தது அவர்களுக்குப் பெரிய பாக்கியம். தலைவர் அவர் தோளில் கைவைத்தார்.

“உங்களை வச்சு ஒரு நாவல் கொண்டுவரப் போறோம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். எங்க கட்டடத்துலயே ஒரு அறை தர்றோம். சும்மா இருந்தா போதும். சொல்லப்போனா, சும்மா இருக்கணும்கிறதுதான் விஷயமே.”

“புஸ்தகமா வருமா சார்?”

“கெட்டி அட்டையில.”

“எல்லாக் கடையிலயும் கிடைக்குமா?”

“நூலகத்துக்கெல்லாம் போகும். எதுக்குக் கேக்குறீங்க?”

“சும்மாதான் சார்,” என்றார் கூலிங். அது சும்மா இல்லை. யாரும் இல்லை என்று சொன்னதும் உண்மை இல்லை. அவருக்கு ஒரு தங்கை இருந்தாள்.

எழுத்து என்று கண்ணில் பட்டால் படித்துவிடுகிறவள் அந்தத் தங்கை. பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுக் கதைப் புத்தகத்தை எடுப்பாள். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, அடுப்பும் அணைந்த பிறகுதான் அத்தியாயம் முடியும். அம்மா கரண்டியோடு வருவார். “நான்தான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்மா,” என்று அண்ணன் முந்திக்கொள்வார். அப்படி வாங்கிய அடிகளின் தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

அந்த அம்மா இறந்த அன்று கூலிங் ஒரு மருந்துக் கிடங்கின் குளிர் அறைக்குள் இருந்தார். உள்ளே போன் எடுக்காது. மெஷின் ஓடாவிட்டால் அத்தனை ஊசி மருந்தும் வீணாகிவிடும் என்று அதைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு ஓடினார். வாசலில் ஊரே கூடி நிற்க, தங்கை கேட்டாள்: “பெத்தவளை விட உனக்கு ஐஸ் பெட்டி பெருசாப் போச்சு, இல்ல?”

துக்கத்தில் கேட்டது. மறுநாளே மறந்திருக்க வேண்டியது. கூலிங் அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியவர், பிறகு அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். அவன் வரட்டும் என்று அவள் இருந்தாள். வீம்புக்கு வயசாவதே இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும்தான் ஆனது. இப்போது ஒரு புத்தகம் வந்தால், அதில் தன் கதை இருந்தால், அவள் எப்படியும் படித்துவிடுவாள். தான் வாய்திறந்து சொல்ல வேண்டியதைப் புத்தகம் சொல்லிவிடும். கூலிங் வாரியத்துக்குச் சம்மதித்தது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அறை கொடுத்தார்கள். நல்ல அறைதான், அதுதான் சிக்கலாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம், அதன் கீழே பள்ளிப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். அந்நியமானவரின் ஜன்னலில் மரம் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். மரத்தை வெட்ட நகரசபை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி ஒரு சுவர் எழுப்பினார்கள். சுவர் புத்தம்புதிதாக இருக்கிறது, தனிமைக்குப் பொருந்தவில்லை என்று நாவலாசிரியர் முகம் சுளித்தார். பெயின்டரை வரவழைத்து அதில் பாசி பிடித்ததுபோல் வண்ணம் அடித்தார்கள். அந்த பெயின்டர் கூலிங்குக்குப் பழக்கமானவர். இரண்டு பேரும் ஜன்னல் கம்பி வழியாக அரைநாள் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அறைக் கதவில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது: ‘கதைமாந்தர் சிரிப்பது தவிர்க்கப்பட வேண்டும். தவிர்க்க இயலாத சூழலில் கசப்பாகச் சிரிக்கலாம்.’

போனைச் செயலாளர் வாங்கி வைத்துக்கொண்டார். பத்திரிகையில் படத்தோடு விளம்பரம் கொடுத்தார்கள். ‘இவருக்கு யாரும் இல்லை. விரைவில், நாவலாக.’ கூலிங்கிடம் கொண்டுவந்து காட்டியபோது அவர் படத்தை மட்டும் பார்த்தார். “சட்டை நல்லா விழுந்திருக்கு சார்,” என்றார்.

நாவலாசிரியர் தினமும் காலையில் காப்பி ஃபிளாஸ்கோடு வந்து எதிரில் உட்காருவார். “இந்த உலகம் உங்களுக்கு என்னவா தெரியுது?” என்று கேட்பார்.

“நல்லாத்தான் சார் இருக்கு. வெயில் காலத்துல வேலை ஜாஸ்தி.”

“அதுக்குக் கீழ, ஆழத்துல?”

ஆழத்தில் தேடினால் தங்கைதான் கிடைத்தாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் கூலிங் அவளைச் சொல்ல ஆரம்பித்தார். பால் தீய்ந்தது, படிக்க வெளிச்சம் போதாமல் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் விளக்கில் கதை படித்தது, அம்மா வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தை முட்டைத் தட்டில் வைத்து மூடியது. சொல்லச் சொல்ல அவருக்குள் ஏதோ இளகியது. இத்தனை வருஷமாகக் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தது கோபம் என்று நினைத்திருந்தார். கையை விரித்துப் பார்த்தால் அதில் கோபம் இல்லை. ஒருநாள் பேச்சின் நடுவே நிறுத்திவிட்டு, “நான் போய் அவளைப் பாத்துட்டு வந்துடறேன் சார்,” என்றார்.

நாவலாசிரியரின் பேனா நின்றது. “எதுக்கு?”

“தோணுது சார். நான் பண்ணது தப்பு. அவளும் பாவம்.”

“அதாவது நீங்க மாறிட்டீங்க.”

“அப்படித்தான் வச்சுக்குங்களேன்.”

நாவலாசிரியர் எழுந்து வெளியே போனார். அன்று மாலைக்குள் வாரியம் அவசரமாகக் கூடியது. கூலிங்கைக் கூப்பிட்டு நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தலைவர் பொறுமையாக விளக்கினார்.

“உருமாற்றம் எங்களுக்கு வேணும். அது இல்லாம நாவல் இல்ல. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. மாந்தர் மாறலாம், நகரக் கூடாது. மாறினது வெளிய தெரியக் கூடாது. அதனால எந்தக் காரியமும் நடந்துடக் கூடாது. நீங்க பாட்டுக்கு மாறின உடனே எழுந்து போய்த் தங்கச்சியப் பாத்துட்டா, அப்புறம் அதுல இலக்கியத்துக்கு என்ன மிச்சம் இருக்கு?”

“பாத்துட்டு உடனே வந்துடுவேன் சார்.”

“அங்க போய் என்ன பேசுவீங்க?”

“‘எப்படி இருக்கே’ன்னு கேப்பேன்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பல்லியைப் பார்த்த முகமாக எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த போன் வந்தது. செயலாளர் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அறைக்கு வந்தார். பின்னால் தலைவரும் நாவலாசிரியரும் நோட்டோடு வந்தார்கள். “உங்களுக்கு ஒரு சம்பவம் வந்திருக்கு,” என்றார் செயலாளர். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“மச்சான், நான்தான் பேசுறேன்.”

தங்கையின் புருஷன். கூலிங் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். “சொல்லுங்க மாப்ள.”

“பேப்பர்ல உங்க படத்தைப் பாத்தா. அதுல கீழ எழுதியிருந்ததையும் படிச்சா. ‘யாரும் இல்லன்னு போட்டிருக்கானே, நான் என்ன செத்தா போயிட்டேன்னு கேளுங்க அவனை’ன்னு ஒரே சத்தம். சத்தம் போடத் தெம்பில்ல மச்சான் அவளுக்கு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டார். உங்களைப் பாக்கணுங்கிறா. சீக்கிரம் வாங்க.”

கூலிங்குக்கு வாயசைந்தது, குரல் வரவில்லை. நாவலாசிரியர் ‘மௌனம்’ என்று எழுதிக்கொண்டார். செயலாளர் போனை அணைத்தார்.

கூட்டம் மறுபடி கூடியது. இந்தமுறை விவாதம் நீண்டது. செயலாளர் அறிக்கை படித்தார்: அண்ணன், தங்கை, சாவுப் படுக்கை, மன்னிப்பு, நான்கும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன.

“இதைப் படிச்சா ஜனங்க அழுதுடுவாங்க,” என்றார் நாவலாசிரியர் கவலையோடு.

“அழுதா என்ன?” என்று கடைசி வரிசையில் யாரோ கேட்டுவிட்டார்கள்.

“அழுதா புரிஞ்சுடுச்சுன்னு அர்த்தம்,” என்றார் செயலாளர். கேட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கிட்னி என்பது மிகவும் வெளிப்படையான உறுப்பு, பெயர் தெரியாத நோயாக மாற்ற முடியுமா என்று நோயாளியின் குடும்பத்தைக் கேட்கலாம் என ஒருவர் சொன்னார். தங்கை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று எழுதிக் கேட்கலாம் என்றார் இன்னொருவர். தலைவர் முடிவுரைக்கு எழுந்தார்.

“தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு நம்ம ஜனங்க சொல்லிட்டுத் திரியுறாங்க. அந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் இந்த வாரியத்தையே ஆரம்பிச்சோம். நான் உறவுக்கு விரோதி இல்ல. என் மக குரலைக் கேக்காம எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்காது. ஆனா அது என் வீடு. அதை நாவலுக்குள்ள விட்டா, அப்புறம் நமக்கும் சாதாரண ஆளுங்களுக்கும் என்ன வித்தியாசம்? நாங்க மனுஷனை ரொம்ப நேசிக்கிறோம். அதனாலதான் அவனைக் கொஞ்சம் தள்ளி...” அவர் பையில் போன் அடித்தது. “ஆச்சும்மா. போட்டுட்டேன்மா. நீ சாப்பிட்டியா கண்ணு?” என்று பேசி முடித்துவிட்டு, “...தள்ளி நிக்க வைக்கிறோம்,” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விடுப்புக் கோரிக்கை உபகுழுவுக்குப் போனது. உபகுழுவில் பாதிப்பேர் குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார்கள். கூலிங் தினமும் போய்க் கேட்டார். “பரிசீலனையில இருக்கு,” என்றார் செயலாளர்.

இங்கே வாரியத்தின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. கூலிங்கின் அறைக்குப் பூட்டு கிடையாது. கீழே வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். பேருந்து நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. அவர் போயிருக்கலாம். பயந்தார். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது, முதல் வார்த்தை என்ன, அவள் மறுபடியும் அதையே கேட்டால் என்ன செய்வது என்று பயந்தார். அனுமதி வரட்டும் என்று சொல்லிக்கொண்டால் அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது. பயந்தவனுக்கு ஒரு வாரியம் கிடைத்துவிட்டால் அவனை யாரால் காப்பாற்ற முடியும்?

ஒருவழியாக உபகுழு முடிவெடுத்தது. சமரச முடிவு. மாந்தர் தங்கையைப் பார்க்கப் போகக் கூடாது. ஆனால் போகக்கூடும் என்று வாசகர் சந்தேகப்படலாம். நாவலின் கடைசி வாக்கியத்தில் அவர் கை வாசல் கதவின்மேல் இருக்கும். திறந்தாரா இல்லையா என்பது சொல்லப்படாது. இதை எழுதுவதற்கு வசதியாக அவர் ஒருமுறை அப்படி நின்று காட்ட வேண்டும் என்று கீழே அழைத்து வந்தார்கள். நிற்பதற்காகக் கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் பின்னால் அரைவட்டமாக நின்றார்கள்.

“கையை வையுங்க,” என்றார் நாவலாசிரியர். கூலிங் வைத்தார். “அப்படியே. முதுகுல ஒரு தயக்கம் தெரியணும். ஆ, அருமை.”

தயக்கம் நிஜமாகவே இருந்தது. கூலிங் நின்றுகொண்டே இருந்தார். வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தார்.

“போதும், போதும்! அங்கயே நில்லுங்க!” என்று நாவலாசிரியர் கத்தினார். “முடிவு போச்சே!” என்று செயலாளர் தலையில் கைவைத்தார். கூலிங் பேருந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். கருவிப் பையைக்கூட எடுக்கவில்லை.

தங்கை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. அவற்றில் யாரும் இல்லை. வந்தவர்கள் வந்துபோய், எல்லாம் முடிந்து, வாடகை நாற்காலிக்காரன் எடுத்துப்போக மட்டும் பாக்கி. முந்தின நாள் விடியற்காலையிலேயே அவள் போய்விட்டாள். கூலிங் படியிலேயே நின்றார்.

மாப்பிள்ளை வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க மச்சான்,” என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பின்னாலேயே ஒரு வண்டி வந்து நின்றது. தலைவரும் செயலாளரும் நாவலாசிரியரும் இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டதும் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆழ்ந்த அனுதாபங்கள்,” என்றார். பிறகு செயலாளரோடு தனியே கிசுகிசுத்துவிட்டு வந்து, “சந்திப்பு நடக்கலேங்கிறதால விதி மீறப்படல. நாவலைத் தொடரலாம்னு நினைக்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள். அழுதுடாதீங்க. இவ்வளவு தூரம் வந்துட்டு,” என்றார். கூலிங்கின் சொந்தக்காரர்கள் என்று நினைத்து மாப்பிள்ளை அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்தார்.

அவர்கள் பார்வையிலிருந்து தப்பிக்க கூலிங் சமையலறைக்குள் போனார். மூலையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் நின்றது. பிளக் பிடுங்கியிருந்தது. பழக்கதோஷம், கதவைத் திறந்தார். தட்டு தட்டாகக் கதைப் புத்தகங்கள். முட்டை வைக்கும் இடத்தில் அவள் மூக்குக்கண்ணாடி.

“அம்மா தவறின வருஷமே இது நின்னுடுச்சு,” என்றார் பின்னால் வந்த மாப்பிள்ளை. “எத்தனையோ தடவை ஆள் கூப்பிடறேன்னேன். விடமாட்டா. ‘அண்ணன் வந்து பாப்பான்’னு ஒரே பேச்சு. பாலை அன்னன்னிக்கு வாங்கிக் காய்ச்சி ஓட்டிட்டோம். நோய்ல ஜில்லுனு தண்ணி குடிக்கணும்னு தவிச்சா. அப்பவும் வேற ஆள் தொடக் கூடாதுன்னுட்டா.”

கூலிங் குனிந்து பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தார். சின்ன ஒரு பாகம் கருகியிருந்தது. பட்டறை டப்பாவில் கைக்கு அகப்படும் சாமான், அரைமணி வேலை. அவர் அப்படியே ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்தார். வாய்விட்டு அழுதார். அவருக்கு அழத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். அவ்வளவு பெரிய சத்தம்.

“ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே மாப்ள.”

மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“கூப்பிட்டோமே மச்சான்,” என்றார்.

கூடத்தில் நோட்டுகள் மூடப்படும் சத்தம் கேட்டது. அழுகை இந்த அளவுக்குப் போனபின் எதுவும் செய்வதற்கில்லை என்று செயலாளர் தலைவரிடம் சொன்னார். தலைவர் பெருமூச்சு விட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏங்க, குடிக்கக் கொஞ்சம் ஐஸ் தண்ணி கிடைக்குமா?”

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “எங்க வீட்டுல ஐஸ் தண்ணி இல்லீங்க,” என்றார்.